பதினொரு வருஷமாகச் சுற்றாத சக்கரம்

துருப்பிடித்து இறுகிய போல்ட்டு, சைபுதீன் பெயரைக் கேட்டாலே பாதி மரை தானாகக் கழன்றுகொள்ளும். மீதிப் பாதிக்குத்தான் அவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இன்னொரு டீயும் வாங்கிக் கொடுத்தால், சரியான சைஸ் ஸ்பேனர் மட்டும் கிடைத்தால் பாய் ராஜகிரி மலையையே கழற்றி ஓரமாக வைத்துவிடுவார் என்றும் சொல்வார்கள்.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அனந்தபுரத்திலிருந்து கியர் மாற மறுக்கும் டிராக்டர் வரும். மேல்சித்தாமூரிலிருந்து முப்பது வருஷம் கொட்டகையில் கிடந்த ஸ்கூட்டர் வரும். அதற்குள்ளே எலிகள் நாலு தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருக்கும். ரேஷன் கார்டு மட்டும்தான் வாங்கியிருக்காது. எல்லாவற்றையும் சைபுதீன் கழற்றுவார். எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தூக்கமாட்டார். "அடிச்சா அதுவும் வீம்பு புடிக்கும்" என்பார். முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போடுவார். பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புவார். போல்ட்டு ஏமாந்துபோகும். அப்புறம் கேஸ் அடித்துச் சூடேற்றி, மெழுகுவத்தியை அதன் மேல் வைப்பார். இட்லி சாம்பாரை உறிஞ்சுகிற மாதிரி மரை மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேலும் பிடிவாதம் பிடித்தால் திட்டுவார். அவர் திட்டுக்குப் பயந்து பக்கத்துக் கடை ஷட்டர்கூட ஒருமுறை தானாகத் திறந்துகொண்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எண்ணுவார். வண்டியைப் பிரித்ததும் சாக்கை விரித்து, ஒவ்வொரு சாமானையும் வரிசையாக வைத்து எண்ணுவார். மாட்டி முடித்ததும் சாக்கைத் தூக்கி உதறி, கீழே உட்கார்ந்து மண்ணைக் கையால் துழாவுவார். வீட்டிலும் அப்படித்தான். தட்டில் இருக்கிற இட்லியை எண்ணுவார். அவர் பொண்டாட்டி முன்னி ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"இன்னாங்க, அஞ்சு இட்லிதான். ஆறாவதா ஏதாச்சும் கழண்டு உழுந்துடுச்சான்னு பாக்கறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வேட்டிக்கு உள்ளே போட்டிருந்த டிராயர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தப் பையில் எப்போதும் என்னவோ இருக்கிறது என்பது முன்னிக்குத் தெரியும். துவைக்கும்போது எண்ணெய்க் கறை போகவே போகாது.

ஒரு புதன்கிழமை காலையில், கலைச்செல்வி ஒரு குட்டி யானை வேனில் பழைய பைக்கை ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து இறங்கினாள். அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுடையது. வண்டியைப் பார்த்ததும் சைபுதீன் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து பாதம் நனைந்தது. சுடுகிறது என்று அவருக்கு உறைக்கவில்லை.

பெட்ரோல் டாங்கில் துருவுக்கு நடுவே 'அன்பு துணை' என்று எழுத்து இன்னும் தெரிந்தது. அன்பு என்பது கலைச்செல்வியின் மகள் அன்புக்கரசி. எழுதியவன் அவளுடைய அப்பன் வீரமணி. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதே வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, சிறுபாலத்துக் கட்டையில் தலை அடித்துச் செத்துப்போனவன்.

"பாய், பின்சக்கரம் சுத்தல" என்றாள் கலைச்செல்வி. "அன்னிக்கு ஜாம் ஆனதுதான். திண்டிவனத்துல ரெண்டு எடத்துல காட்டினேன். ஆக்சில அறுத்துதான் எடுக்கணும்ன்னுட்டாங்க. அறுத்தா உள்ள இருக்கறது செதறிடும். எனக்கு உள்ள இருக்கறது அப்டியே வேணும்."

"இப்ப எதுக்கும்மா? பழைய இரும்புக்குப் போட்டாக்கூட..."

"பொண்ணுக்கு மூணாவது எடமும் தட்டிப் போச்சு பாய்."

சைபுதீனுக்கு அந்தக் கதை தெரியும். வீரமணி ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பான். அவன் மூச்சு விட்டால் கொசு மயங்கி விழும் என்று அவனே சொல்லிக்கொள்வான். பிறகு ஊர் அங்காளம்மன் கோயிலில், இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொண்டான். கயிறு கட்டிய மூன்றாம் மாதம் விழுந்து செத்தான். நேரான ரோடு. எதிரே வண்டி இல்லை, குறுக்கே நாய்கூட இல்லை. பிறகு எப்படி விழுவான்? கயிற்றோடு குடித்திருக்கிறான், அம்மா அடித்துவிட்டாள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதை முதலில் சொன்னவர் வேறு யாரும் இல்லை, வீரமணியின் அண்ணன் கோதண்டராமன்; கோயில் தர்மகர்த்தா. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பொங்கல் பானையைத் திருவிழாவில் மற்ற பானைகளோடு சேர்த்து வைக்கமாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்துவிட்டு, டீக்கடையில் விசாரித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள்.

"அவரு குடிக்கல பாய். நான் வாயை மோந்து பாத்து அனுப்பினவ. வண்டியிலதான் ஏதோ ஒடைஞ்சிருக்கணும். பிரேக் அன்னிக்கு உங்ககிட்டதான் போட்டாரு. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும், அது தெரியும். வேற ஏதாச்சும் இருக்கும் இல்ல?"

சைபுதீன் தலையாட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவருக்கே தெரியாது.

அன்றைக்கு நடந்ததெல்லாம் அவருக்குச் சினிமா மாதிரி ஞாபகம் இருக்கிறது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. மத்தியானம் மூன்று மணி. வீரமணி ஸ்டூலில் உட்கார்ந்து ஓயாமல் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். "இன்னா பாய், முடிஞ்சுதா? நீ மாட்டி முடிக்கறதுக்குள்ள என் பொண்ணுக்குப் பேரப் புள்ள பொறந்துடும்." சைபுதீன் வயிறு வலிக்கச் சிரித்தபடியே பிரேக் ஷூவை மாட்டினார். ஷூ இரண்டையும் இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங் உண்டு. முதல் ஸ்பிரிங்கை மாட்டியது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது? அங்கேதான் படம் அறுந்துபோகிறது.

வீரமணி போன பிறகு சாக்கை மடித்தால், ஒரு ஸ்பிரிங் கீழே விழுந்தது. சுண்டுவிரல் நீளம். அவனுடையதா, காலையில் பிரித்த வேறொரு வண்டியுடையதா? வீரமணியின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. போனைக் கையில் எடுக்கவும் எடுத்தார். அதற்குள் வேறு ஆள் வண்டியோடு வந்தான். நாளைக்கு இந்தப் பக்கம் வருவான், பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் சேதி வந்தது.

போலீஸ் பார்த்தது. சக்கரம் மோதியதால் இறுகியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சைபுதீனும் போய்ப் பிரிக்கவில்லை. அந்த ஸ்பிரிங் மட்டும் பதினொரு வருஷமாக அவர் டிராயர் பையில் இருக்கிறது. துருப்பிடித்துவிடாமல் வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவார். தினமும் மூன்று மணிக்கு, ரோட்டில் எந்த வண்டியும் இல்லாத நேரத்தில், காதோரம் ஒரு குரல் கேட்கும். "இன்னா பாய், முடிஞ்சுதா?" திரும்பினால் ஸ்டூல் காலியாக இருக்கும்.

புதன்கிழமை முழுக்க மண்ணெண்ணெயில் ஊறிய வண்டி, வியாழக்கிழமை நட்டை மட்டும் விட்டுக்கொடுத்தது. ஆக்சில் அசையவே இல்லை. சக்கரத்துக்குக் குறுக்கே போகும் அந்த இரும்புக் கம்பி, பதினொரு மழைக்காலம் குடித்து, உள்ளே இருந்த குழாயோடு ஒன்றாகிப் போயிருந்தது. சைபுதீன் சூடேற்றினார். செம்புத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டினார். திரும்பவும் சூடேற்றினார். தீயை அணைத்ததும் இரும்பு ஆறிக்கொண்டே சத்தம் போட்டது. டிக். டிக். டிக். ஆயிரம் வண்டியில் கேட்ட சத்தம்தான். ஆனால் இதில் மட்டும் உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது மாதிரி இருந்தது. ரோட்டில் லாரி போனால் சக்கரத்துக் கம்பிகள் அதிர்ந்து ஒரு முனகல் வந்தது. லாரி போய் வெகுநேரம் ஆன பிறகும் அது நிற்கவில்லை. சைபுதீன் ஒரு துணியால் சக்கரத்தை மூடினார். துணிக்குள் அது ஆளைப்போல் உட்கார்ந்திருந்தது. துணியை எடுத்துவிட்டார்.

வழக்கமாக அவர் திட்டுகிற திட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

கலைச்செல்வி வியாழக்கிழமையும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து, ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஸ்டூலைக் காட்டினால், "வேணாம் பாய், இதுவே போதும்" என்றாள். அதில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். அவள் பார்வையே கேஸ் வெல்டிங்கை விட உஷ்ணம்.

வியாழன் சாயங்காலம் வீட்டில் சைபுதீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சோறு துரு வாசனை அடித்தது.

"நாளைக்கு முடிஞ்சிடுமா?" என்று கேட்டாள் முன்னி.

"தெரியல. இது கழலாது போலருக்குது."

முன்னி அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்க கழட்டிருவீங்க. அதான் உங்களுக்கு பயம்."

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள். இந்தப் பெண்கள் இருக்கிறார்களே, பையைத் துழாவாமலே பையில் இருப்பதைப் படித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு வந்தார். கலைச்செல்வி சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருந்தாள். சைபுதீன் கடைசியாக ஒருதரம் சூடேற்றி, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, செம்பை வைத்து ஒரு தட்டு தட்டினார். பெரிய தட்டுகூட இல்லை. தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரிதான். ஆக்சில் ஓர் அங்குலம் வெளியே வந்தது. வந்த வேகத்தில் அவர் பின்னால் நகர்ந்துவிட்டார். பிறகு கம்பியை மெல்ல உருவினார். சக்கரம் பொத்தென்று மண்ணில் இறங்கியது.

இனி பிரேக் டிரம்மின் மூடித் தட்டு மட்டும்தான். சுற்றி நாலு தட்டு தட்டினால் வந்துவிடும். உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

கடையில் யாரும் இல்லை. அவர் கை தானாகவே பைக்குள் போய் ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு கொக்கி காலியாக இருந்தால் இதை மாட்டிவிட ஒரு தும்மல் நேரம் போதும். எண்ணெய் மினுமினுப்புதான் காட்டிக்கொடுக்கும். அதற்கென்ன? உப்புத் தண்ணீரும் எலுமிச்சம் பழமும் போதும். துருவை ஓட்டத் தெரிந்தவனுக்குத் துருவை வரவழைக்கத் தெரியாதா? தமிழ்நாட்டிலேயே துருவைப் பற்றி அவ்வளவு தெரிந்த ஆள் கிடையாது. அவர் கண் பழச்சாறு வண்டிக்காரனைத் தேடி ரோட்டுக்குப் போனது. அப்போதுதான் தாம் எதைத் தேடுகிறோம் என்பது அவருக்குப் புரிந்தது.

மணி மூன்று.

"இன்னா பாய், முடிஞ்சுதா?"

பதினொரு வருஷத்தில் முதல்தடவையாக அவர் வாய் திறந்து பதில் சொன்னார். "முடியலடா வீரா."

அப்புறம் அந்தச் சக்கரத்தின் மேலேயே ஏறிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். தனியாகத் திறந்தால் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும். கலைச்செல்விக்குப் போன் போட்டார். "வாம்மா. ஆக்சில் வந்துடுச்சு. நீ வந்தாதான் தொறப்பேன்." அவள் வருகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். முட்டைமேல் உட்கார்ந்த கோழி மாதிரி இருந்தாராம்.

அவள் ஓடிவந்து எதிரே உட்கார்ந்தாள். சைபுதீன் மரச் சுத்தியலால் சுற்றித் தட்டினார். மிளகாய்த் தூள் மாதிரி துரு கொட்டியது. ஏழாவது தட்டில் மூடி எழும்பியது.

ஒரு பக்கத்து ஸ்பிரிங், நூலாக இளைத்துப்போய், தன் இடத்தில் இருந்தது. மறுபக்கம் இரண்டு கொக்கியும் காலி. பிடிப்பு இல்லாத ஷூ சரிந்து, டிரம்முக்கும் தட்டுக்கும் நடுவே ஆப்பு அடித்தது மாதிரி ஏறி இறுகியிருந்தது. உடைந்த ஸ்பிரிங் துண்டு எங்கேயாவது கிடக்கிறதா என்று அவர் துருவை விரலால் அரித்து அரித்துப் பார்த்தார். துண்டு கிடைத்தால், அவர் மாட்டியதுதான் உடைந்தது என்று ஆகும். ஒரு துண்டும் இல்லை.

"இதுல இன்னா தெரியுது பாய்?" என்றாள் கலைச்செல்வி. அவளுக்கு எல்லாமே ஒரே துருவாகத்தான் தெரிந்தது.

இப்போதுகூட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். சைபுதீன் உள்ளங்கையைத் திறந்தார். ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஒரு கொக்கியில் போட்டு, மறுமுனையை இழுத்து அடுத்த கொக்கியில் மாட்டினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"இது இங்க இருக்கணும்மா. நான் மாட்டல. அன்னிக்கு அவன் போனப்புறம் சாக்குல கெடந்துச்சு. சக்கரம் ஓடிக்கினு இருக்கும்போதே பூட்டிக்கிச்சி. அதான் தூக்கி எறிஞ்சிருக்குது. அவன் மேல தப்பு இல்ல."

அவள் அந்த ஸ்பிரிங்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேசியபோது 'நீங்க' போய்விட்டிருந்தது.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அவரு போன் நம்பர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சக்கரத்த ஏத்து. இன்னிக்கு வெள்ளிக்கெழம. சாயங்காலப் பூசைக்கு ஊரே இருக்கும். எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லு."

அங்காளம்மன் கோயில் வாசலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். சைபுதீன் சக்கரத்தை இறக்கி வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தால், ஒருத்தரும் நம்பவில்லை!

"பாய், நல்ல மனுஷன் நீ" என்றார் ஒரு பெரியவர். "பொண்ணு கல்யாணம் நிக்குதேன்னு பழிய உன் தலையில போட்டுக்கற."

"சாக்க உதறி உதறி எண்ணற ஆளு, ஸ்பிரிங்க மறந்தாராம்" என்று ஒருவன் சிரித்தான். "பாயி, காது குத்தறதுக்கு வேற ஊரப் பாரு!"

சைபுதீன் சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். ஊர் ஊராகப் பரவிய அவர் பேரை அவரே கழற்றிப் போட வேண்டியிருந்தது. அது இம்மியும் அசையவில்லை. "எண்ண ஆரமிச்சதே அதுக்கப்புறம்தான்யா!" என்று கத்தினார்.

கோதண்டராமன் தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "சும்மா பேசாத பாய். என் தம்பி கயித்தோட குடிச்சான், அம்மா அடிச்சா. இல்லன்னா இந்தச் சூடத்த அடிச்சி அணைச்சி சத்தியம் பண்ணு. பொய்யின்னா இன்னா ஆவும்னு உனக்கே தெரியும்."

பாய் இதைச் செய்யமாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை. சைபுதீன் ஒரு நொடி கண்ணை மூடினார். மேலே இருப்பவனிடம் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணியிருப்பார். உள்ளங்கையால் தீயின் மேல் ஓங்கி அடித்தார். "நான் மாட்டல. என் கைதான் அவனக் கொன்னுச்சு."

சூடம் அணைந்தது. சதை கருகும் வாசனை வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சைபுதீனைப் பார்த்தார்கள், அவருக்கு ஏதாவது ஆகிறதா என்று. சைபுதீனும் அதற்காகத்தான் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. வேப்பமரத்தில் காக்கை ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

கோதண்டராமன் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அவன் அன்னிக்கு குடிக்கவே இல்லியா?"

"இல்ல மாமா" என்றாள் கலைச்செல்வி. "பதினோரு வருஷமா அதத்தான சொல்றேன்."

"அம்மாகுத்தம் புடிச்ச பொணம்னு நான் தோள் குடுக்கலியேம்மா." அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எந்தம்பியத் தூக்கறதுக்கு நான் கிட்டகூடப் போவலியே..."

கலைச்செல்வி அவரைத் தேற்றவில்லை. சைபுதீன் பக்கம் திரும்பினாள்.

"வண்டிய ஓட வெச்சிக் குடுக்கட்டாம்மா?" என்றார் அவர்.

"ஓட வெச்சி? யாரு ஓட்டறது?" என்றாள். "நீ போ பாய். இந்த ஊருக்கு இனிமே வராத."

கடைசி வெளிச்சத்தில் செஞ்சி பஸ் வந்தது. சைபுதீன் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெந்த கையைக் காற்றில் நீட்டி வைத்துக்கொண்டார். கோயிலில் காது குத்தாதே என்று சிரித்தானே, அந்த ஆளும் அதே பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தான். இரண்டு ஸ்டாப் வரைக்கும் நெளிந்துகொண்டே இருந்தான்.

"பாய்... தப்பா எடுத்துக்காத. எங்க நைனாவோட பழைய ஸ்கூட்டர், கிக்கர் புடிச்சிக்கினு எறங்கவே மாட்டேங்குது. நாளைக்கு எடுத்துக்கினு வரட்டா?"

சைபுதீன் திரும்பி அவனைப் பார்த்தார். "அங்க நின்னு எல்லாத்தையும் கேட்ட இல்ல?"

"கேட்டேன் பாய். அதுக்கின்னா? உன்ன விட்டா இந்த ஜில்லாவுல யாரு கழட்டறது?"

பஸ் ஒரு சிறுபாலத்தைத் தாண்டியது. அது தாண்டி முடிகிறவரை சைபுதீன் மூச்சு விடவில்லை.

"எடுத்துக்கினு வா, கழட்டித் தரேன்" என்றார். "மாட்டறதுக்கு வேற ஆளக் கூப்டுக்கோ."